மகளுக்குள் இருந்த அப்பா

ஓசூரிலிருந்து மகள் அனுப்பிய செய்தியில் மூன்றே சொற்கள் இருந்தன. "பொருந்துது. நான் தர்றேன்."

திருமாறன் அப்போது திருச்சி மருத்துவமனையில் டயாலிசிஸ் படுக்கையில் இருந்தார். இடது கையில் ஊசிகள். வலது கையால் கைபேசியைப் பிடித்துக்கொண்டு அந்த மூன்று சொற்களை ஏழெட்டு முறை படித்தார். அவள் சோதனை செய்துகொண்டதே அவருக்குத் தெரியாது. எதிர்ப்படுக்கைக்காரர், "என்ன சார், வீட்ல ஏதும் விசேஷமா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் கட்டட வரைபடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். வயது ஐம்பத்தெட்டு. சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மனைவி வளர்மதி இறந்து ஆறு வருடம். ஒரே மகள் நிரஞ்சனா. அந்த ஆறு வருடத்தில் அவள் அவரிடம் பேசிய பேச்சையெல்லாம் எழுதினால் ஒரு தாளின் ஒரு பக்கம் நிரம்பாது. பொங்கலுக்கு வருவாள், ஒரு நாள் இருப்பாள், கிளம்பிவிடுவாள். "சாப்ட்டீங்களா." "மாத்திரை போட்டீங்களா." "வர்றேன்." சின்ன வயதிலிருந்து அவரை "நீ", "வா", "போ" என்று உரிமையாக அழைத்தே வளர்ந்தவள், அம்மாவின் பதினாறாம் நாளிலிருந்து "நீங்க" என்று மாறிவிட்டாள். பார்க்கிறவர்களுக்கு அது மரியாதை. அது என்னவென்று அவருக்குத் தெரியும்.

வளர்மதிக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது நிரஞ்சனா கவுகாத்தியில் முதுகலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் இருந்தாள். பதினோரு வாரம் வளர்மதி தாக்குப்பிடித்தாள். அந்தப் பதினோரு வாரமும் அம்மாவும் மகளும் தினமும் திரையில் முகம் பார்த்துப் பேசினார்கள். ஒரு நாள்கூட அம்மாவின் கன்னம் ஒட்டியதையோ கண் குழிந்ததையோ மகள் பார்க்கவில்லை. அழைப்பில் முகத்தைச் சீர்செய்து காட்டும் வசதி எல்லாக் கைபேசியிலும் வந்துவிட்ட காலம் அது. தூங்கி எழுந்த முகத்தோடு அலுவலகக் கூட்டத்தில் உட்காருகிறவர்கள் போட்டுக்கொள்வது. வளர்மதியின் கைபேசியில் அது அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த மறுநாள் "உடனே கிளம்பி வா" என்று அப்பா கூப்பிட்டார். விமானம் மாறி நிரஞ்சனா வந்து சேர்ந்தபோது வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிற்பகல், படங்களை எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவின் கைபேசியைத் திறந்தாள். முகம் மாற்றும் வசதி எந்தத் தேதியில், யார் விரலால் போடப்பட்டது என்று அதில் பதிவாகியிருந்தது. நேரே அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"இது நீங்க போட்டதா?"

"ஆமாம்மா."

"ஏன்?"

"உனக்குப் பரீட்சை இருந்துச்சு."

அவ்வளவுதான் நடந்தது. கத்தல் இல்லை, அழுகை இல்லை. அன்று வந்த "நீங்க" அப்படியே தங்கிவிட்டது.

உயிரோடிருப்பவர் உறுப்பு கொடுப்பதென்றால் குடும்ப ஆலோசகர் ஒருவரின் சான்று வேண்டும் என்று சட்டம் வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. மருமகள்களையும் கல்யாணமாகாத தங்கைகளையும் அழுத்தி இணங்கவைத்துக் கையெழுத்து வாங்கிய கதைகள் பெருகியதால் வந்த சட்டம். குறைந்தது மூன்று அமர்வுக்குக் குடும்பமாக வந்து உட்கார வேண்டும். கொடுக்கிறவர் தன் மனசோடு கொடுக்கிறார் என்று ஆலோசகருக்குத் தோன்றினால்தான் அறுவை சிகிச்சை. திருமாறனுக்கும் நிரஞ்சனாவுக்கும் கன்டோன்மென்ட்டில் இருந்த ஆலோசனை மையத்தில் டாக்டர் ஜெசிந்தாவிடம் நாள் கொடுத்திருந்தார்கள்.

ஜெசிந்தாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கைத்தறிச் சேலை, சத்தமில்லாத பேச்சு. முதல் நாள் அவர் ஒரு வெள்ளைப் பலகையில் குடும்பப் படம் போட ஆரம்பித்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், இறந்தவர்களுக்குக் குறுக்கே பெருக்கல் குறி. திருமாறன் நாற்காலி நுனியில் நெளிந்தார். ஜெசிந்தாவின் சதுரங்கள் சதுரமாக இல்லை.

"நீங்களே போடுங்க சார்" என்று பேனாவை அவரிடம் கொடுத்துவிட்டார் ஜெசிந்தா.

அவர் போட்டார். தன் சதுரம், வளர்மதியின் வட்டம், குறுக்கே பெருக்கல் குறி. அதைப் போடும்போது கை கொஞ்சம் நின்றது. கீழே மகளின் வட்டம்.

"இப்ப உங்களுக்கும் மகளுக்கும் நடுவுல ஒரு கோடு போடணும். ரொம்ப நெருக்கம்னா ரெட்டைக்கோடு. விலகல்னா விட்டுவிட்டு ஒரு கோடு."

திருமாறன் யோசித்தார். "எங்க தொழில்ல விட்டுவிட்டுப் போடற கோட்டுக்கு வேற அர்த்தம் மேடம். அந்த விளிம்பு இருக்கு, இந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா கண்ணுக்குத் தெரியாதுன்னு அர்த்தம்."

"அப்ப அதையே போடுங்க."

அவர் போட்டார். நிரஞ்சனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா கேள்வி கேட்கும் விதம் விசித்திரமாக இருந்தது. யாரைப் பற்றியும் அவரவரிடமே கேட்கவில்லை. "நிரஞ்சனா, நீங்க ஏன் கிட்னி தர்றீங்கன்னு உங்க அப்பாகிட்ட கேட்டா அவர் என்ன சொல்வார்?"

"கடமைக்குத் தர்றான்னு சொல்வார்."

"சார், அப்பா இந்தக் கிட்னியை எப்படி வாங்கிப்பார்னு உங்க மககிட்ட கேட்டா அவங்க என்ன சொல்வாங்க?"

திருமாறன் பலகையில் தான் போட்ட கோட்டைப் பார்த்தார். பிறகு, "அவருக்கு எதையும் வாங்கிக்கத் தெரியாதுன்னு சொல்வா" என்றார்.

நிரஞ்சனா ஜன்னலை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அன்று அதுதான் முதல் தடவை.

அமர்வு முடியும்போது ஜெசிந்தா மூலையில் துணி போர்த்திய ஒரு கருவியைக் காட்டினார். அதற்கு நீளமான பெயர் ஏதோ உண்டு. மையத்தில் எல்லோரும் ஆள்காட்டி என்றார்கள். எதிரே ஒரு காலி நாற்காலி இருந்தது.

"நம்ம ஒவ்வொருத்தர் தலைக்குள்ளயும் நமக்கு வேண்டியவங்க குடியிருக்காங்க" என்றார் ஜெசிந்தா. "சார், இங்க உக்காந்திருக்கறது ஒரு நீங்க. நிரஞ்சனாவுக்குள்ள இருக்கறது இன்னொரு நீங்க. வீட்ல நாம சண்டை போடறது பாதி நேரம் அந்த உள்ள இருக்கற ஆளோடதான். முன்னாடி ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அவர் அதுல உக்காந்திருக்கறதா நெனச்சுப் பேசுங்கன்னு சொல்வோம். இப்ப இந்தத் தொப்பியை ரெண்டு மணி நேரம் போட்டுக்கிட்டா, உள்ள இருக்கற ஆளை அந்த நாற்காலியிலயே உக்காரவைக்க முடியுது. முகம், குரல் எல்லாம் வரும்."

"எவ்வளவு துல்லியம்?" என்று நிரஞ்சனா கேட்டாள். அவள் சுமை தூக்கும் ட்ரோன்களின் பேட்டரியைச் சோதிக்கிறவள்.

"நிஜ ஆளோட ஒப்பிட்டா துல்லியமே கிடையாது. உங்களுக்குள்ள இருக்கற ஆளோட ஒப்பிட்டா அச்சு அசல். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். ஒரு தடவை வெளிய கொண்டுவந்து பாத்துட்டா, அப்புறம் அவங்களை நெனைக்கும்போதெல்லாம் நாற்காலியில பாத்ததுதான் வரும். பழைய நெனப்பு மேல இது படிஞ்சிடும். உயிரோட இருக்கறவங்கன்னா மறுபடி பழகி மாத்திக்கலாம். இறந்தவங்கன்னா அதுக்கு வழியில்ல. அதனால இறந்தவங்களை நான் கூப்பிடறதில்ல."

இரண்டாவது அமர்வில் நிரஞ்சனா தொப்பி போட்டுக்கொண்டாள். திருமாறனை வெளியே உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். காலி நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார்.

அவரைவிட உயரம். தலைமுடி முழுக்கக் கறுப்பு. நன்றாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் வளர்மதியின் கைபேசி. பார்வை அதைவிட்டு எழவே இல்லை.

"நிரஞ்சனா வந்திருக்காங்க. ஏதாவது சொல்லணுமா உங்களுக்கு?" என்று ஜெசிந்தா நாற்காலியிடம் கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ பரீட்சையைப் பாரு." கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கவேண்டும் என்று பேசும் வகுப்பறைக் குரல்.

"அம்மா எங்க?"

"தூங்கறா. நீ பரீட்சையைப் பாரு."

ஜெசிந்தா என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். எதைக் கேட்டாலும் அந்த மனிதர் பரீட்சையில்தான் வந்து முடித்தார். திருமாறனை உறுத்தியது அந்தக் கடுமைகூட இல்லை. ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த வாரங்களில் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் போய் நின்று, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதவர் அவர். நாற்காலியில் இருந்தவரின் கண்ணில் அதன் சுவடே இல்லை. பெண்டாட்டியைப் பறிகொடுக்கப்போகிற மனிதராகவே அவர் தெரியவில்லை. தனக்கும் ஒரு இழப்பு இருந்தது என்பது மகளுக்குள் எங்கேயும் பதியவே இல்லை என்று திருமாறனுக்கு அப்போது புரிந்தது.

"சார், இவர்கிட்ட இல்லாதது ஏதாவது உங்ககிட்ட இருக்கா?" என்றார் ஜெசிந்தா. "இருந்தா உங்க மககிட்ட இப்ப சொல்லலாம்."

திருமாறன் வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். "இல்ல மேடம்" என்றார்.

நிரஞ்சனா டீ குடிக்கப் போன பிறகு அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான் பொய் சொல்லிட்டேன் மேடம். அவகிட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்னது வளர்மதிதான். டாக்டர் சொன்ன அன்னைக்கே என் கையை எடுத்துத் தன் தலையில வச்சு சத்தியம் வாங்கிட்டா. முகம் மாத்தற வசதியையும் அவதான் கண்டுபிடிச்சா. மருந்துல அவ விரல்ல ரேகை தேஞ்சு போயிருந்துச்சு, போன் ஏத்துக்கல. என் விரலைப் பிடிச்சு வச்சா. நான் வேணாம்னு எவ்வளவோ சொன்னேன்."

"ஆறு வருஷமா இதை ஏன் சொல்லல?"

"அம்மா போன பொண்ணு மேடம். மிச்சம் இருக்கற அம்மா நெனப்பையும் நான் கெடுக்கணுமா? என்மேல கோவப்பட்டா, நான் உயிரோட இருக்கேன், வாங்கிக்குவேன். செத்தவமேல கோவம் வந்தா யார்கிட்டப் போய்த் தீத்துக்குவா?"

"இப்பவாவது சொல்லலாமே."

"இப்பவா?" திருமாறன் தலையசைத்தார். "இப்ப சொன்னா கிட்னிக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும். அவ தர்றேன்னு சொன்னதே எனக்குப் போதும் மேடம். அந்தச் செய்தியைப் பாத்த அன்னைக்கே நான் பொழச்சுட்டேன்."

ஜெசிந்தா பேனாவை மூடி வைத்தார். "நீங்க சொன்னதை நான் வெளிய சொல்ல மாட்டேன் சார். அது என் தொழில் தர்மம். ஆனா இது நடுவுல இருக்கற வரைக்கும் என்னால கையெழுத்தும் போட முடியாது. எந்த அப்பாவுக்குக் குடுக்கறோம்னு அவங்களுக்கே தெரியல."

"அப்ப வேணாம் மேடம். எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

எழுதியும் கொடுத்தார். அழகான சாய்வெழுத்தில் நாலு வரி. வெளியே வந்து மகளிடம், "டயாலிசிஸே பழகிடுச்சும்மா. உனக்கு எதுக்கு வீண் கஷ்டம்" என்றார்.

நிரஞ்சனா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "கையில இருக்கற ரத்தக்குழாய் இன்னும் ஒரு வருஷம் தாங்கினாலே பெரிசுன்னு டாக்டர் என்கிட்டயும் சொன்னாங்க."

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இல்ல?" என்றாள் அவள். அப்படியே எழுந்து போய்விட்டாள்.

வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தாலும் மூன்றாவது அமர்வு நடந்தாக வேண்டும் என்பது விதி. அடுத்த சனிக்கிழமை காலையில் திருமாறன் போனபோது நிரஞ்சனா ஏற்கெனவே தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கலைந்திருந்தது. ஜெசிந்தாவின் முகத்தில் ஏதோ வாக்குவாதம் நடந்து முடிந்த களைப்பு.

"அம்மாவைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டிருக்காங்க சார்" என்றார் ஜெசிந்தா. "வேணாம்னு மூணு தடவை சொல்லிட்டேன். இனிமே அம்மாவை நெனைக்கும்போது நாற்காலியில வர்றவங்கதான் வருவாங்க, பழையபடி கிடைக்க மாட்டாங்கன்னும் சொல்லிட்டேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டாங்க."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

நிரஞ்சனா அவரைப் பார்க்காமல் ஜெசிந்தாவிடமே பேசினாள். "அவர் கடைசிவரைக்கும் கூட இருந்தவர் மேடம். அவர்கிட்ட இருக்கற அம்மா எலும்பும் தோலுமாத்தான் இருப்பாங்க. என்கிட்ட இருக்கற அம்மா நல்லா இருக்காங்க. அவர் கிட்னியை வாங்கிக்க மாட்டேங்கறார். இதையாவது வாங்கிக்கட்டும்."

திருமாறன் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெசிந்தா விளக்கைக் குறைத்தார்.

நாற்காலியில் வளர்மதி வந்து உட்கார்ந்தாள்.

கன்னம் இரண்டும் நிறைந்திருந்தன. நெற்றியில் பெரிய பொட்டு, வழக்கம்போல் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி. பச்சைச் சுங்குடிச் சேலை. ஆறு வருடமாகக் கண்ணை மூடினால் திருமாறனுக்குத் தெரிந்ததெல்லாம் ஆக்ஸிஜன் குழாய்க்குக் கீழே காய்ந்த உதடுகள்தான். அந்த முகத்துக்குப் பின்னால் போய் இந்த முகத்தை எடுக்க எவ்வளவோ முயன்றிருக்கிறார், முடிந்ததில்லை. இப்போது கை நீட்டும் தூரத்தில் அது இருந்தது. அவர் சத்தம் போட்டே சிரித்துவிட்டார். மகள் தனக்கென்று வைத்திருந்ததை எடுத்து இவர் கையில் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"என்ன நிரு, மெஸ்ல இன்னைக்கு என்ன போட்டான்?" என்றாள் வளர்மதி. அதே இழுப்பு. "அந்த உருளைக்கிழங்கேதானா? தயிர் வாங்கி வச்சுக்கடி. வயித்தைக் கெடுத்துக்காத."

பேசிக்கொண்டே நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். கண்ணாடி வளையல்கள் நாலும் மணிக்கட்டிலிருந்து வழுக்கி முழங்கை வரை இறங்கின.

திருமாறன் எழுந்து நின்றுவிட்டார்.

முகம் முழுமையாக இருந்தது. கை குச்சியாக இருந்தது. தோலுக்குள் எலும்பு தெரிந்தது. புறங்கையில் ஊசி ஒட்டிய பிளாஸ்திரியின் ஓரம்கூட இருந்தது. கைபேசியின் வசதி முகத்தை மட்டும்தான் சீர்செய்யும், கையைச் செய்யாது. அதனால்தான் அந்தப் பதினோரு வாரமும் வளர்மதி கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டே பேசினாள். இந்தக் கையை மகள் பார்த்திருக்கவே வழியில்லை.

"நிரு" என்றார். "இந்தக் கையை நீ எப்பப் பாத்தே?"

நிரஞ்சனா இரண்டு உள்ளங்கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தனக்குள் அது இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"எட்டாவது வாரம்" என்றாள் கடைசியில். "முடியை ஒதுக்கினாங்க. ஒரு நொடிதான். டக்குன்னு கையை உள்ள இழுத்துக்கிட்டாங்க. நான் பாத்தேன்ப்பா. கேக்கல. ஆய்வேடு குடுக்கப் பன்னெண்டு நாள் இருந்துச்சு. கேட்டா உண்மையைச் சொல்லிடுவாங்க, சொன்னா நான் கிளம்பி வந்துடணும். அதனால கேக்கல. மெஸ்ல என்ன போட்டாங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்."

நாற்காலியில் வளர்மதி இன்னும் புன்னகையோடு பதிலுக்குக் காத்திருந்தாள்.

"அப்புறம் வந்து உன் ரேகைன்னு கொண்டுவந்து நீட்டினேன்" என்றாள் நிரஞ்சனா. "நீ ஆமான்னு சொன்ன. வேற ஒண்ணுமே சொல்லல. ஏன்ப்பா நீ ஒண்ணுமே சொல்லல?"

ஒரே மூச்சில் ஒரு "உன்", இரண்டு "நீ". திருமாறன் அதை எண்ணினார். எண்ணியதற்காக வெட்கப்பட்டார், ஆனாலும் எண்ணினார்.

"அம்மாதான்…" என்று ஆரம்பித்தார். நாற்காலியை ஒரு தடவை பார்த்தார். "அம்மாதான் சத்தியம் வாங்கிட்டா. நான் அதை இப்ப சொல்லக்கூடாதுன்னுதான்…"

"தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நம்ம வீட்டுத் திரைத்துணி நிறத்தைக்கூட நீ முடிவு பண்ணினதில்ல. அம்மாவை மீறி நீ இதைப் பண்ணியிருப்பேன்னு எப்படி நம்ப முடியும்? ஆனா நம்பினேன். அது சுலபமா இருந்துச்சு. அம்மாமேல கோவப்பட முடியல. என்மேல கோவப்பட்டா நான் என்ன ஆவேன்னே தெரியல. நீ ஒருத்தன்தான் இருந்த. நீ தாங்கிக்குவேன்னு தோணுச்சு."

திருமாறன் யோசித்தார். "தாங்கிக்கிட்டேன்ல?"

"தாங்கிக்கிட்ட."

"அப்ப சரி."

நிரஞ்சனா அழுகைக்கு நடுவே சிரித்தாள். அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லும் பழக்கம் கிடையாது. அன்று அவள் அவர் கையைப் பிடித்து, ஊசித் தழும்புகள் மேல் தன் நெற்றியை வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிப்பா" என்றாள். அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா, வாங்கிக்கோங்க என்பதுபோல் கையால் சைகை காட்டினார்.

"அம்மாகிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்று கடைசியாகக் கேட்டார் ஜெசிந்தா. "அணைக்கப்போறேன்."

நிரஞ்சனா நாற்காலியைப் பார்த்தாள். "ஏன் சொல்லலன்னு கேக்கணும். ஆனா எனக்குத் தெரிஞ்சதுதானே இவங்களுக்கும் தெரியும். வேணாம் மேடம். பாத்தது போதும்."

வளர்மதியின் வளையல் இறங்கிய கைதான் கடைசியாக மங்கியது.

அன்றே கையெழுத்தாகிவிடும் என்று திருமாறன் நினைத்தார். ஜெசிந்தா போடவில்லை. "இன்னைக்கு இவங்க குடுத்தா, அந்தப் பன்னெண்டு நாளுக்காகக் குடுக்கற மாதிரி இருக்கும். ஒரு மாசம் போகட்டும். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் பேசுங்க. உடம்பைப் பத்தி, அம்மாவைப் பத்தி, சாப்பாட்டைப் பத்திப் பேசக்கூடாது."

முதல் வாரம் பெரும் திண்டாட்டம். அந்த மூன்றையும் எடுத்துவிட்டால் தங்களுக்குள் பேச என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஓசூரில் மழை, திருச்சியில் வெயில் என்று ஓட்டினார்கள். இரண்டாவது வாரத்தில்தான் அவள் வேலை என்னவென்று திருமாறனுக்கு உண்மையில் தெரிந்தது. பேட்டரிகளை வேண்டுமென்றே தீப்பிடிக்கவைத்து, எத்தனை நொடியில் பிடிக்கிறது என்று குறிப்பது. "இதுக்கா அவ்வளவு தூரம் போய்ப் படிச்ச?" என்று கேட்டார். அவள் அரை மணி நேரம் விளக்கினாள். அவர் தாள் எடுத்துப் படம் போட்டுக்கொண்டே கேட்டார். மூன்றாவது வாரத்தில் தன்னோடு வேலை பார்க்கும் ரியாஸ் என்பவனைப் பற்றித் தேவைக்கு மேல் இரண்டு தடவை சொன்னாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவளாகவே மூன்றாவது தடவை சொன்னாள்.

ஒருநாள் மட்டும் விதியை மீறினாள். "அம்மாவை நெனச்சா இப்பல்லாம் அந்தக் கைதான்ப்பா வருது" என்றாள். "முன்னாடி மாதிரி வரல."

"எனக்கு இப்ப அந்தக் கன்னம் வருது" என்றார் அவர். "நீ குடுத்தது. கை என்கிட்ட ஏற்கெனவே இருந்துச்சு. இனிமே ரெண்டு பேர்கிட்டயும் ரெண்டும் இருக்கு." பிறகு பேட்டரிக்குப் போய்விட்டார்கள்.

மாதம் முடிந்து இருவரும் மையத்துக்குப் போனபோது ஜெசிந்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நிரஞ்சனா, அப்பா இப்பவும் வேணாம்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"திட்டுவேன். அப்புறம் சாயங்காலம் பேசுவேன்."

"சார், உங்களுக்கு?"

"வேணும் மேடம்" என்றார் திருமாறன். தன் வாழ்நாளில் எதையும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை என்று அவருக்கே தோன்றியது. காது சூடானது. ஜெசிந்தா கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக நடந்தது. மயக்கம் தெளிந்தபோது நர்ஸ் அவர் காதருகே குனிந்து, "ஆபரேஷன் மேசையிலயே புதுக் கிட்னியிலேர்ந்து யூரின் வந்துடுச்சு சார்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஒன்றரை வருடத்துக்கும் மேலாக வராதது. அது சொட்டிக்கொண்டிருந்த பையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார் அவர். மூன்றாம் நாள் நிரஞ்சனா விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையை ஆட்டினாள். ஜெசிந்தாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அன்று நினைத்தார். வீட்டுக்கு வந்து எழுதவும் செய்தார். நாலு பக்கம் எழுதியும் சொல்ல வந்தது அதில் வரவில்லை என்று தோன்றியது, அப்படியே அனுப்பிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, தை மாதக் காலையொன்றில், உழவர் சந்தையில் மொச்சை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். நெரிசலான இடத்துக்கு ஆறு மாதம் போகக்கூடாது, போனாலும் முகக்கவசம் இல்லாமல் கூடவே கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. கவசம் வீட்டு மேசையில் இருந்தது. விடுப்பில் வந்திருந்த நிரஞ்சனா அதைப் பார்த்துவிட்டு, ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். மொச்சைக்காரம்மாவின் கடைமுன் வைத்துப் பிடித்தாள்.

"உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? நாலு பேர் இருமற இடத்துல வாயைத் திறந்துக்கிட்டு நிக்கற. எதுக்கு இருக்கேன் நான்? ஒரு போன் பண்ணினா வாங்கிட்டு வர மாட்டேனா? மொச்சை இல்லாம உசுரு போயிடுமா? சொல்லு, போயிடுமா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. திருமாறன் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் மாட்டிவிட்ட கவசத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மொச்சைக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"பொண்ணு இந்தப் போடு போடுதே சாமி. பெரிய மனுசனை இப்படியா?"

"அவ இன்னும் கொஞ்ச நேரம் திட்டுவாம்மா" என்றார் திருமாறன். "நீங்க ரெண்டு கிலோ நிறுத்துப் போடுங்க."